பனியன் கம்பெனி செக்கிங் தொழிலாளிக்குத் தினமும் வந்த தலைவலி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் ஒரு சிறிய கிளினிக்கில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். வருபவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். இங்கே எழுதுவது அப்படி வந்த ஒரு பெண்ணின் கதை. அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

வயது 34. இரண்டு குழந்தைகள். கல்யாணத்துக்கு முன் பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை. பஞ்சுத் தூசியில் வீசிங் வந்ததால் அதை விட்டுவிட்டார். இப்போது ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் செக்கிங். காலை எட்டரைக்கு மேஜை முன் நின்றால், ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், அதாவது இரவு எட்டரை, ஒன்பது மணி வரைக்கும் டியூப் லைட் வெளிச்சத்தில் துணியில் ஓட்டையும் கறையும் தேடும் வேலை.

தலைவலி அவருக்குப் புதிதல்ல. வயதுக்கு வந்த ஒன்றிரண்டு வருடத்திலேயே தொடங்கி, மாதத்துக்கு ஒரு முறை வரும். ஒரு பக்கம் தெறிக்கும், ஓங்கரிப்பு வரும், படுத்துத் தூங்கி எழுந்தால் போய்விடும். இரண்டு முறை கர்ப்பமாக இருந்தபோதும் நான்காம் மாதத்துக்கு மேல் தலைவலியே இல்லை. அவருடைய அம்மாவுக்கும் அம்மிச்சிக்கும் (அம்மாவின் அம்மா) இதே வலி. அம்மிச்சி வேட்டித் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இருட்டு அறையில் கிடந்ததை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். சிறு வயதில் பஸ்ஸில் போனால் வாந்தி வருமா என்று கேட்டேன். "வால்பாறைக்குப் போறப்ப நாப்பது வளைவுலயும் வாந்திதாங்க" என்று சிரித்தார். மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) உள்ளவர்களில் பலருக்குச் சிறு வயதில் இப்படிப் பயண வாந்தி இருந்திருக்கும். அதனால்தான் அந்தக் கேள்வி.

கடைசி இரண்டு வருடத்தில்தான் நிலைமை மாறியிருக்கிறது. மாதம் ஒன்று வாரம் ஒன்றாகி, அப்புறம் எந்த நாள் வலித்தது, எந்த நாள் வலிக்கவில்லை என்றே சொல்ல முடியாமல் போயிருக்கிறது. இதற்கிடையில் கண்ணாடியை மாற்றினார். சைனஸ் என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று மாமியார் நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார், சுக்குப் பத்தும் போட்டார். கழுத்தில் எலும்பு தேய்மானம் என்று ஒருவர் பட்டை போடச் சொன்னார். எதிலும் நிற்கவில்லை.

முதல் வருகையில் தெரிந்தது

புரட்டாசி பிறந்த சமயத்தில் கணவருடன் வந்தார். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. கை கால் பலம், முகம், கண் அசைவு, நடை எல்லாம் சரி. கண்ணிமையின் உள்பக்கம் வெளிறியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6.

இந்த மாதிரி நோயாளியிடம் மாதத்தில் எத்தனை நாள் தலைவலி என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. படுக்கவைத்த நாட்களை மட்டும்தான் எண்ணிச் சொல்வார்கள். அதனால், தலையே வலிக்காமல், துளி பாரம்கூட இல்லாமல் இருக்கும் நாட்கள் எத்தனை என்று கேட்டேன். அவர் கணவரைப் பார்த்தார். "நாலஞ்சு நாள் இருக்குங்களா?" என்றார், என்னிடம் கேட்பதைப் போல.

பேசப் பேச, அவருக்கு இரண்டு விதமான வலி இருப்பது புரிந்தது. ஒன்று, எழும்போதே இருக்கும் மந்தமான பாரம். மாத்திரை போட்டால் மதியம் வரைக்கும் தணியும். இன்னொன்று, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை வரும் பழைய வலி. வலது நெற்றிப்பொட்டில் நாடி துடிக்கிற மாதிரித் தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும், வெளிச்சமும் ஓவர்லாக் மெஷின் சத்தமும் தாங்காது, வாந்தி வரும். மருந்தில்லாமல் விட்டால் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்.

இந்த இரண்டாவது வலிக்கு ஸ்கேன் எதுவும் இல்லாமலே பெயர் சொல்லலாம். 4 மணி முதல் 72 மணி நேரம் நீடிப்பது, ஒரு பக்கம், துடிப்பு, வேலை செய்யவிடாத கடுமை, நடமாடினால் கூடுவது, கூடவே வாந்தியோ, வெளிச்சமும் சத்தமும் ஆகாததோ: இப்படி ஐந்து முறையாவது வந்திருந்து, வேறு காரணமும் தெரியவில்லை என்றால் அது மைக்ரேன். வலிக்கு முன் கண்ணெதிரே ஒளிக்கோடு நெளிவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது போன்றவை உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். இதைக் கேட்காமல் விடக்கூடாது. அந்த 'ஆரா' உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கொடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும்.

அடுத்து மாத்திரை. மணிபர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். எர்கோட்டமின், காஃபீன், பாரசிட்டமால், வாந்தி மருந்து நான்கும் கலந்தது. மெடிக்கலில் "ஒத்தத் தலைவலி மாத்திரை" என்று கேட்டால் கொடுப்பார்கள். முதலில் வலிக்கும்போது ஒன்று. இப்போது காலை டீயோடு ஒன்று, ஒன்றரை ஷிப்ட் என்றால் சாயங்காலம் இன்னொன்று. "போடலீன்னா வந்துருமோன்னு பயமாயிருக்குதுங்க, அதனால முன்னாடியே போட்டுக்கறேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி விஷயம் வந்துவிட்டது. எர்கோட்டமினையோ கலப்பு வலி மாத்திரையையோ மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைத் தினசரியாக்கும். தனிப் பாரசிட்டமால் போன்றவற்றுக்கு அந்த எல்லை 15 நாள். இவர் அதைத் தாண்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விரல் நுனி அடிக்கடி மரத்துப்போகிறது, சில்லென்று இருக்கிறது என்றும் சொன்னார். வேலையால் என்று நினைத்திருந்தார். எர்கோட்டமின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து என்பதால் கையிலும் காலிலும் நாடி பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

ஸ்கேன், மருந்து: எடுத்த முடிவுகள்

கணவர் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டா நிம்மதிங்க." நியாயமான கேள்விதான். தலைக்குள் கட்டி என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எந்தெந்த நிலையில் நானே ஸ்கேனுக்கு ஓடச் சொல்வேன் என்று அவரிடம் சொன்னேன். ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் விழுவது, வலிப்பு, 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலி, இருமினாலோ குனிந்தாலோ மட்டும் வருவது, புற்றுநோய் இருந்தவருக்கு வருவது. இவரிடம் இதில் எதுவும் இல்லை. வலியின் வடிவம் இருபது வருடமாக அதேதான், எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது. கூடியதற்கும் காரணம் கையிலேயே அட்டையாக இருக்கிறது. கண் மருத்துவரிடம் அனுப்பி பார்வை நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். இல்லை என்று வந்தது. ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் விழுங்கும் எம்.ஆர்.ஐ. தள்ளிவைக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்திய பிறகும் வலி குறையாவிட்டால் எடுப்போம் என்று பேசிக்கொண்டோம்.

வராமல் தடுக்கும் மருந்தாக வழக்கமாக முதலில் நினைவுக்கு வருவது ப்ரோப்ரனோலால். நூற்பாலை வீசிங் அதை அடைத்துவிட்டது. ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கும். டோபிரமேட் கருவைப் பாதிக்கும், இவர் நிரந்தரக் கருத்தடை செய்துகொண்டவரல்ல. ஃப்ளூனாரிசின் எடையைக் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வு தரும். இவர் இரவில் சரியாகத் தூங்காதவர், கழுத்தும் எப்போதும் இறுகியே இருந்தது. அதனால் அமிட்ரிப்டிலின் 10 மி.கி., இரவுச் சாப்பாட்டுக்குப் பின். இரண்டு வாரம் கழித்து 25. வாய் உலரும், முதல் சில நாள் காலையில் தூக்கம் சொக்கும், பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். சொல்லாமல் கொடுத்தால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை தனியாக.

வலி மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் திருப்பூரில் லீவு கேட்க முடியாது. போனஸும் அப்போதுதான் வரும். நிறுத்தினால் முதல் வாரம் வலி ஏறும் என்பது தெரிந்ததே, அதை மேஜை முன் நின்றுகொண்டு தாங்கச் சொல்வதில் அர்த்தமில்லை. தீபாவளி முடிந்ததும் கம்பெனிகள் அடைத்துக் கிடக்கும் நாட்களில் நிறுத்துவது, அதுவரை வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, காலண்டரில் எழுதுவது. இதுதான் ஏற்பாடு.

காலண்டரில் தெரிந்தது

தூண்டும் காரணங்களை ஒரு பட்டியலாக அச்சடித்துக் கையில் கொடுப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதில் பாதி சீஸ், ஒயின் என்று நம் வீட்டுப் பக்கம் வராத சாமான். மீதியைப் படித்துவிட்டுப் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவார்கள். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே எழுதச் சொன்னேன். மந்த வலிக்கு ஒரு புள்ளி, படுக்கவைத்தால் மூன்று புள்ளி, மாத்திரைக்கு ஒரு கோடு. சாப்பாடு தள்ளிப்போனால், தூக்கம் கெட்டால், தலைக்குக் குளித்தால், மாதவிலக்கு வந்தால் அந்தந்த முதலெழுத்து.

அவரே நம்பிய காரணங்கள் நான்கு: பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வீசும் காற்று, சனிக்கிழமைத் தலைக்குளியல், பேக்கரி தேங்காய் பன், கழுத்து.

ஐப்பசியில் காலண்டரைக் கொண்டுவந்தார். மூன்று புள்ளி நாட்கள் ஏழு. அதில் நான்கு சனிக்கிழமை. தலைக்குளியலும் அன்றுதான். "பாத்தீங்களா" என்றார். இந்தியப் பெண்களில் சிலருக்குத் தலைக்குக் குளிப்பது மைக்ரேனைக் கிளப்பும் என்பது மருத்துவ இதழ்களிலேயே பதிவான விஷயம், அதனால் தள்ளிவிட முடியாது. ஆனால் அவை புரட்டாசிச் சனிக்கிழமைகள். பெருமாளுக்கு விரதம், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் டீயோடு மாத்திரை, மதியம் தளிகை போட்ட பிறகு வீட்டிலிருந்து சாப்பாடு வரும்போது இரண்டு, இரண்டரை மணி. புரட்டாசி முடிந்த பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் தலைக்குக் குளித்திருந்தார், ஆனால் காலையில் இட்லி சாப்பிட்டிருந்தார். அந்த நாட்களில் ஒரு புள்ளிதான். இவரைப் பொறுத்தவரை தண்ணீரைவிடப் பட்டினிக்குத்தான் பங்கு அதிகம் என்று தோன்றியது.

தேங்காய் பன்னும் கழுத்தும் இன்னொரு விதம். மூன்று புள்ளிக்கு முந்தைய நாள் மாலை கொட்டாவி கொட்டாவியாக வரும், கழுத்து இறுகும், இனிப்புக்கு நாக்கு அலையும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகவேண்டும்போல் இருக்கும். வலி தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் மைக்ரேன் தொடங்கிவிடுகிறது. பசி, தூக்கம், தாகம் எல்லாவற்றையும் கவனிக்கும் பகுதி அது. ஆக, பன் தின்றதால் தலைவலி வந்தது என்பதைவிட, தலைவலி வரப்போவதால் பன் கேட்டது என்பதே இவருக்குப் பொருந்தியது. கழுத்து வலியும் தாக்குதலின் முதல் கட்டம். கழுத்துப் பட்டையால் நிற்காததில் ஆச்சரியமில்லை.

சனிக்கிழமைகள் போக மீதி மூன்று நாட்களில் இரண்டு, மாதவிலக்குக்கு முந்தைய நாளும் வந்த நாளும். ஈஸ்ட்ரோஜன் சரியும் நேரம். கடைசி ஒன்று ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, சந்தைக்குப் போய், இரவு தாமதமாகப் படுத்து, காலை பத்து மணிக்கு எழுந்த நாள். வழக்கமாக ஆறு மணிக்கு வயிற்றுக்குள் போகும் டீ நான்கு மணி நேரம் தள்ளிப் போயிருந்தது.

காற்றுக்கும் புள்ளிகளுக்கும் அந்த மாதத்தில் சம்பந்தம் தெரியவில்லை. ஆடியில் பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம்.

ஒரு காரணம் மட்டும் இருந்த நாட்களில் பெரும்பாலும் தப்பித்திருந்தார் என்பதையும் கவனித்தோம். ஒன்றரை ஷிப்ட் மட்டும் என்றால் ஒரு புள்ளி. ஒன்றரை ஷிப்டோடு பட்டினியும் சேர்ந்தால் மூன்று. ஒரே லைனில் மோட்டாரும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்து ஓடினால்தானே ஃப்யூஸ் போகிறது, அதைச் சொன்னதும் அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. மைக்ரேன் உள்ள மூளை பிறவியிலேயே எளிதில் கிளம்பும் தன்மை உள்ளது. கிளம்பினால் முகத்தின் உணர்வைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பின் முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதம் போன்ற பொருட்களை மூளை உறையைச் சுற்றிக் கசியவிட்டு வலியை உண்டாக்குகின்றன. தினமும் போடும் வலி மாத்திரை அந்த மூளையை இன்னும் கூர்மையாக்கிவிடுகிறது. அதனால் மாத்திரையை நிறுத்தாமல் விரதத்தையும் குளியலையும் மட்டும் திருத்துவதில் பெரிய பலன் இராது.

மாத்திரையை நிறுத்திய வாரம்

பட்டாசுச் சத்தம் ஓய்ந்த மறுநாள், காங்கேயம் பக்கம் அம்மா வீட்டுத் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்திலேயே உள்ள வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தைகளைப் பாட்டி பார்த்துக்கொண்டார். பழைய மாத்திரை முழுவதும் நிறுத்தம். தாங்கிப் பிடிக்க நாப்ராக்சென் 500 மி.கி. காலை, இரவு, ஒரு வாரத்துக்கு மட்டும், வயிற்றுக்குத் தனி மாத்திரையோடு. வீசிங் உள்ள சிலருக்கு இந்த வகை வலி மாத்திரை ஆகாது. இவர் முன்பு இதே வகையைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக் பலமுறை போட்டும் மூச்சு வாங்கியதில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கொடுத்தேன். வாந்திக்கு டொம்பெரிடோன். டீயை முழுக்க நிறுத்தவில்லை. மாத்திரையிலிருந்த காஃபீனும் சேர்ந்து போகிறதே, அதனால் நாளுக்கு ஐந்து என்றிருந்ததை நேரம் தவறாமல் இரண்டாக்கினோம்.

இரண்டாம் நாள் சமாளித்தார். மூன்றாம் நாள் ராத்திரி கணவர் போன் செய்தார். வாந்தி, தூக்கமில்லை, ஒரே ஒரு மாத்திரை கொடுத்துவிடட்டுமா என்றார். பார்வை, பேச்சு, கை கால் எல்லாம் சரியா என்று கேட்டுக்கொண்டு, வேண்டாம், தண்ணீரும் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், காலையில் முடியாவிட்டால் கூட்டிவாருங்கள், ஊசி போடலாம் என்றேன். வரவில்லை. ஐந்தாம் நாள் வலி இறங்கத் தொடங்கியது. ஏழாம் நாள் எழுந்தபோது தலை லேசாக இருந்ததாம். "எதையோ மறந்துட்ட மாதிரி இருந்துச்சுங்க" என்றார், பிறகு வந்தபோது.

அதன்பின்

கார்த்திகை மாதக் காலண்டரில் புள்ளி வைத்த நாட்கள் மொத்தம் ஒன்பது, மூன்று புள்ளி நாட்கள் மூன்று. காலை மந்தம் போய்விட்டது. விரல் மரத்துப்போவதும் நின்றது. செக்கிங் வேலை மாறவில்லை என்பதால், அதற்கு எர்கோட்டமின்தான் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வலி தொடங்கினால் போட வேண்டிய மருந்தையும் எழுதிக் கொடுத்தேன். தெறிப்பு தொடங்கிய உடனே நாப்ராக்சென் 500, டொம்பெரிடோன் 10. பொறுத்துப் பார்க்கலாம் என்று மூன்று மணி நேரம் விட்டால் வயிறு மருந்தை உறிஞ்சுவதே மந்தமாகிவிடும். அதில் நிற்காவிட்டால் சுமாட்ரிப்டான் 50 மி.கி. இரண்டும் சேர்த்து வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டக்கூடாது. பழைய எர்கோட்டமின் மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள் சுமாட்ரிப்டானைத் தொடவே கூடாது, இரண்டும் ரத்தக் குழாயைச் சுருக்குபவை. இதைக் கணவரிடமும் தனியாகச் சொன்னேன்.

மார்கழியில் சறுக்கியது. பொங்கலுக்கு முன் ஷிப்மென்ட், தொடர்ந்து ஒன்றரை ஷிப்ட், போதாததற்குக் கோலம் போட விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். பழைய மாத்திரை அட்டை மறுபடியும் மணிபர்ஸுக்குள் வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் ஆறு கோடு. அவரே காலண்டரைப் பார்த்துவிட்டு, எல்லை தாண்டுவதற்குள் வந்தார். கோலத்தை நாத்தனார் போடுவது என்று வீட்டில் பேசி முடித்தார்கள். அமிட்ரிப்டிலினை 25-லேயே வைத்துக்கொண்டேன், கூட்டவில்லை.

தைப்பூசத்துக்குக் கணவர் வீட்டார் பழனிக்கு நடப்பது வழக்கம். போகலாமா என்று கேட்டார். போகட்டும் என்றேன். வாழ்க்கையிலிருந்து எல்லாவற்றையும் கழித்துவிட்டுத் தலைவலியை மட்டும் குறைப்பதில் யாருக்கு என்ன லாபம். ஆனால் பட்டினியாக நடக்கக்கூடாது, கடலை உருண்டை பையில் இருக்கட்டும், வெயில் ஏறினால் நிழலில் உட்கார வேண்டும், ராத்திரி நடையில் கலந்துகொள்ள வேண்டாம் என்று நிபந்தனை. வழியில் ஒரு முறை வந்திருக்கிறது. மாத்திரை போட்டு, ஒரு அன்னதானப் பந்தலில் படுத்து எழுந்து, மறுநாள் நடையைத் தொடர்ந்திருக்கிறார்.

விரத விஷயத்தில் மாமியார் ஒத்துக்கொள்வாரா என்பதுதான் அவருக்குக் கவலையாக இருந்தது. அடுத்த புரட்டாசிக்குச் சாமி கும்பிட்டுவிட்டுக் காலையிலேயே பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம் என்று மாமியாரே சொல்லிவிட்டாராம்.

அடுத்து வருபவர்களிடம் மாற்றுவது

காலண்டரில் எழுத, வலிக்கு நீலம், மாத்திரைக்குச் சிவப்பு என்று இரண்டு நிறப் பேனா கொடுக்கிறேன். ஒரே நிறத்தில் புள்ளியும் கோடும் கலந்து கிடந்தால் மாத்திரை ஏறுவது கண்ணில் படாது. நீலம் மெல்ல மெல்லச் சிவப்பாவதை நோயாளியே பார்த்துவிடுவார்.

மெடிக்கல் கடைக்காரரை ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்வது என்று முடிவு. இவர் வாங்கும் கடைக்காரரிடம் மார்கழிக்குப் பிறகு பேசினேன். தினமும் ஒருவர் அதே அட்டை கேட்டால் என்னிடம் அனுப்புகிறேன் என்றார். அதன்பின் இரண்டு பேரை அனுப்பியும் இருக்கிறார்.

கம்பெனிக்கு ஒரு கடிதம். பதினோரு மணி டீயின்போது செக்கிங் பெண்கள் பலரும் டீ மட்டும் குடித்துவிட்டு மேஜைக்கு ஓடிவிடுகிறார்கள். பீஸ் ரேட்டில் அந்தப் பத்து நிமிடமும் காசு. இவருடைய சூப்பர்வைசர் கடிதத்தைப் படித்துவிட்டு, மேஜையில் சுண்டல் டப்பா வைத்துக்கொள்ள அனுமதித்தார். துணியில் கறை படக்கூடாது என்ற கண்டிப்போடு. இதைப் புரட்டாசியிலேயே கேட்டிருக்கலாம், கடிதம் எழுத ஐந்து நிமிடம்தான் ஆனது.

மாதவிலக்கை ஒட்டி வரும் தாக்குதல்தான் இன்னும் அடங்கவில்லை. மாதவிலக்கு இப்போது ஓரளவு தேதி தவறாமல் வருகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னிருந்து ஐந்து நாள் நாப்ராக்சென் போட்டுப் பார்க்கிறோம். பங்குனியில் வலி வந்தாலும் வாந்தி இல்லை, வேலைக்குப் போயிருக்கிறார். ஹீமோகுளோபின் 11.4. சித்திரை, வைகாசியிலும் இதே மாதிரி இருந்தால் அமிட்ரிப்டிலினை 10-க்கு இறக்குவதாகத் திட்டம். ஆடி வரைக்கும் காலண்டரைத் தொடரச் சொல்லியிருக்கிறேன், காற்றைப் பற்றிய அவருடைய சந்தேகம் அப்படியே இருக்கிறது.